பனியன் கம்பெனியில் தகராறு வராமல் இருக்க: கான்ட்ராக்டரா, கமிட்டியா, சங்க ஒப்பந்தமா?

திருப்பூரில் நூறு, நூற்றைம்பது மெஷின் போட்டு ஏற்றுமதி ஆர்டர் செய்கிற கம்பெனியில் வேலை நின்றுபோக பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. சனிக்கிழமை சம்பளம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. பாதி ஆர்டரில் ஸ்டைல் மாறியும் பீஸ் ரேட், அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று தரும் கூலி, மாறாதது. தீபாவளி போனஸ் எத்தனை சதவீதம் என்று கடைசி வாரம் வரை யாரும் சொல்லாதது. சூப்பர்வைசர் ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்ன தகாத வார்த்தை. இதில் ஒன்று நடந்தால் போதும், காலையில் வந்தவர்கள் மெஷினில் உட்காராமல் கேட்டில் நிற்பார்கள். ஷிப்மென்ட் தேதி தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கு கம்பெனி செலவில் விமானத்தில் போகும். அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் அதோடு சரி.

இந்த நிலையைத் தவிர்க்க ஆளாளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். எல்லா வேலையையும் லேபர் கான்ட்ராக்டில் விட்டுவிடு என்பார் ஒருவர். கம்பெனிக்குள் கமிட்டி போடு என்பார் இன்னொருவர். சங்கத்தோடு ஒப்பந்தம் இருந்தால் தலைவலி இல்லை என்பது மூன்றாவது யோசனை. வெளிநாட்டு பையர் கொண்டுவரும் ஆடிட், ஹெல்ப்லைன் ஏற்பாடு நான்காவது. இவற்றை எடைபோட நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். தன் கூலி எவ்வளவு என்று தொழிலாளிக்கு வேலை தொடங்கும் முன்பே தெரிகிறதா? குறையை பயமில்லாமல் சொல்ல ஓர் இடம் இருக்கிறதா? அதைக் கேட்கிறவருக்கு அங்கேயே 'சரி' சொல்லும் அதிகாரம் இருக்கிறதா?

கான்ட்ராக்டரிடம் விடுவது

இது ஏன் முதலாளிகளுக்குப் பிடிக்கிறது என்பது புரியக்கூடியதே. ஆர்டர் குவியும் மாதங்களில் நாற்பது டெய்லர் கூடுதலாக வேண்டும், ஆர்டர் இல்லாத மாதத்தில் வேண்டாம். கான்ட்ராக்டர் ஆளைக் கொண்டுவருவார், ரேட் பேசுவார், முன்பணம் கொடுப்பார், லீவ் போட்டால் அவரே மாற்று ஆள் பார்ப்பார். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கணக்கும் அவர் பெயரில் போய்விடும். முதலாளி பேச வேண்டிய ஆள் ஒருவர் மட்டுமே.

சிக்கலும் அதிலேயே இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு டி-சர்ட்டுக்குக் கம்பெனி கான்ட்ராக்டருக்கு 20 ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கர் என்ற மூன்று வகை மெஷின் தையலுக்கும் சேர்த்து அவர் 15 ரூபாய் பிரித்துக் கொடுக்கிறார். நடுவில் பையர் கழுத்தின் உள்பக்கம் ஒரு டேப் கேட்கிறார். கம்பெனி 1 ரூபாய் ஏற்றித் தருகிறது. அதில் டெய்லருக்கு 25 பைசா போய்ச் சேருகிறது. டேப் அடிப்பதால் அவருடைய உற்பத்தி நாளுக்கு ஐம்பது, அறுபது பீஸ் குறைந்திருக்கும். அவர் கைக்கு வருவது முன்பைவிடக் குறைவு. கம்பெனி 1 ரூபாய் ஏற்றிய விஷயமே அவருக்குத் தெரியாது. அவர் வேலையை நிறுத்தும்போது முதலாளி, 'நான்தான் ஏற்றிக் கொடுத்தேனே' என்று அதிர்ச்சியடைகிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நடுவில் இருக்கும் 75 பைசாவைப் பற்றிப் பேச ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான்.

நான் வைத்த மூன்று கேள்விகளிலும் இந்த ஏற்பாடு தோற்கிறது. ரேட் இரண்டு கை மாறி வருவதால் தெளிவில்லை. குறையைக் கான்ட்ராக்டரிடமே சொல்ல வேண்டும், பெரும்பாலும் குறையே அவர் மேல்தான் இருக்கும். ரேட்டை மாற்றும் அதிகாரமோ கம்பெனியிடம் இருக்கிறது.

சட்டத்திலும் இது கவசம் இல்லை. கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காமல் போனால் முதன்மை வேலை அளிப்பவர், அதாவது கம்பெனி, கொடுக்க வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. கூடவே ஒரு புது விஷயம் வந்திருக்கிறது. ஐம்பது அல்லது அதற்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடத்தில் நிறுவனத்தின் மையப் பணிக்கு அவர்களை வைக்கக் கூடாது என்கிறது பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு. திடீரென்று வேலை கூடும்போது வைத்துக்கொள்ளலாம் என்பது போன்ற விலக்குகள் உண்டு. ஆனால் ஆடை தயாரிக்கும் கம்பெனிக்குத் தையல் மையப் பணி இல்லை என்று வாதிடுவது கஷ்டம். வருடம் முழுக்க மொத்த லைனையும் கான்ட்ராக்டில் ஓட்டுகிறவர்கள் தங்கள் லேபர் ஆலோசகரிடம் இதை உடனே கேட்டுக்கொள்வது நல்லது.

பேக்கிங், ஏற்றி இறக்குவது, சீசன் மாதங்களின் கூடுதல் ஆட்கள் ஆகியவற்றுக்குக் கான்ட்ராக்ட் சரி. தகராறைத் தவிர்க்கும் வழி என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுப்பது தவறு. அது தகராறை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது, கடைசி நிமிடத்தில் நம் கேட்டிலேயே கொண்டுவந்து நிறுத்துகிறது.

கம்பெனிக்குள் கமிட்டி

இருபது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்பது சட்டம். பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இது இருந்தது, புதிய தொழில் உறவுகள் தொகுப்பிலும் இருக்கிறது. மொத்தம் பத்துப் பேருக்கு மிகாமல், நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சரிபாதியாக இருக்க வேண்டும். வேலை செய்யும் பெண்களின் விகிதத்துக்குக் குறையாமல் குழுவிலும் பெண்கள் இருக்க வேண்டும். மனு வந்தால் 30 நாளில் முடிக்க வேண்டும். நூறு பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், அரசு உத்தரவிடும்போது இரு தரப்பும் சேர்ந்த பணிக்குழுவும் சேரும். பாலியல் தொல்லைப் புகார்களுக்கு 2013ஆம் ஆண்டு சட்டப்படி அமைக்கும் உள் புகார்க் குழு வேறு. பத்துப் பேர் இருந்தாலே அது கட்டாயம். அதை மற்ற கமிட்டிகளோடு கலக்கவே கூடாது, ரகசியம் போய்விடும்.

காகிதத்தில் இந்தக் குழுக்கள் பெரும்பாலான ஏற்றுமதி கம்பெனிகளில் இருக்கின்றன. ஆடிட் வரும்போது ஃபைல் வெளியே வரும். உறுப்பினர் பட்டியலில் இருக்கும் கைமடி வேலை (டெய்லருக்கு உதவி) பார்க்கிற பெண்ணிடம் கேட்டால், தான் உறுப்பினர் என்பது அவருக்கே புதுச் செய்தியாக இருக்கும். எச்.ஆர். ஆபீசர் எழுதிச் சேர்த்த பெயர் அது.

இப்படிப்பட்ட கமிட்டியை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இரண்டு இடங்களைப் பார்க்கலாம். 2016 ஏப்ரலில் பெங்களூரில் ஆயிரக்கணக்கான கார்மென்ட் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பி.எஃப். பணத்தில் முதலாளி பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற மத்திய அரசின் புது விதிதான் காரணம். எந்தச் சங்கமும் அழைப்பு விடுக்கவில்லை. ஓசூர் சாலையும் தும்கூர் சாலையும் ஸ்தம்பித்தன, பேருந்துகள் எரிந்தன, ஏப்ரல் 19 அன்று அரசு விதியைத் திரும்பப் பெற்றது. இலங்கையில் 2011 மே மாதம் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில், தனியார் துறை ஓய்வூதிய மசோதாவை எதிர்த்து ஆடைத் தொழிலாளர்கள் எழுந்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இளம் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். மசோதா கைவிடப்பட்டது. அந்த வலயத் தொழிற்சாலைகளில் சங்கங்களுக்குப் பதிலாக ஊழியர் கவுன்சில்கள் 1990களிலிருந்தே உண்டு.

இரண்டு இடத்திலும் கோபம் அரசின் மேல். ஆனாலும் நின்றுபோனது தொழிற்சாலைதான். வதந்தி பரவும்போது, 'உண்மையில் விதி என்ன சொல்கிறது' என்று கேட்கவும், கேட்டதை நம்பவும் ஓர் ஆள் கம்பெனிக்குள் இல்லை. சங்கம் இல்லாவிட்டால் தகராறு இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு இந்த இரண்டு சம்பவங்களையும்தான் நான் எப்போதும் சொல்வேன். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது திருப்பூரிலும் பலர் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள். அவர்கள் ஸ்ட்ரைக் செய்வதில்லை, போய்விடுவார்கள். லைன் காலியாவதில் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

ஆகவே கமிட்டி பயன்பட வேண்டுமென்றால் சில விஷயங்கள் உண்மையாக நடக்க வேண்டும். உறுப்பினர்களை லைன்வாரியாகத் தொழிலாளர்களே ரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒடியா, இந்தி, வங்காளம் பேசுகிறவர்கள் லைனில் இருந்தால் அவர்களில் ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் நடக்கும் கூட்டத்தில் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்களுக்குத் தனி உறுப்பினர் தேவை. அவர்களுடைய குறை பெரும்பாலும் சாப்பாடு, போன், ஞாயிற்றுக்கிழமை வெளியே போவது ஆகியவற்றைப் பற்றியது. சம்பளக் குறையைவிட அது சீக்கிரம் வெடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, நிர்வாகத் தரப்பில் உட்காருகிறவர் யார் என்பது. 'மேலே கேட்டுச் சொல்கிறேன்' என்று மட்டுமே சொல்லக்கூடிய எச்.ஆர். ஆபீசரை அனுப்பினால் மூன்றாவது கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள். முதலாளியோ, ரேட்டில் கை வைக்க அதிகாரமுள்ள பங்குதாரரோ மாதம் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். இதற்கு ஆகும் செலவு அந்த ஒரு மணி நேரம்தான். அதைக் கொடுக்க மனமில்லாத இடத்தில் கமிட்டி போடாமல் இருப்பதே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது, சட்டம் விடாது.

சங்கத்தோடு ஒப்பந்தம்

திருப்பூருக்கு இதில் நீண்ட பழக்கம் இருக்கிறது. 1984ல் பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதில் பட்ட கஷ்டம் இரு தரப்புக்கும் மறக்கவில்லை. தொழில் முழுவதற்கும் பொதுவாகச் சம்பள ஒப்பந்தம் போட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. ஒரு பக்கம் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம், சைமா போன்ற உற்பத்தியாளர் அமைப்புகள். மறுபக்கம் சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., எல்.பி.எஃப்., ஐ.என்.டி.யு.சி., எச்.எம்.எஸ். உள்ளிட்ட சங்கங்கள். 2021ல் போட்ட ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டுகளுக்கு மொத்தம் 32 சதவீத உயர்வு, அதில் முதல் ஆண்டிலேயே 19 சதவீதம் என்று முடிவானது.

இந்த முறையின் பெரிய பலம், முதலாளிக்கு விலை சொல்ல உதவுவது. ஆறு மாதம் கழித்துத் தைக்கப்போகும் ஆர்டருக்கு இன்று விலை கொடுக்கும்போது, கூலி எவ்வளவு ஏறும் என்று தெரிந்திருக்கிறது. பக்கத்துக் கம்பெனியும் அதே உயர்வைத் தருவதால், 'நான் மட்டும் கூட்டினால் ஆர்டர் போய்விடும்' என்ற பயம் குறைகிறது. தொழிலாளிக்கும் அடுத்த வருடம் என்ன கிடைக்கும் என்பது எழுத்தில் இருக்கிறது.

ஒப்பந்தத்தை எந்த வடிவில் போடுகிறோம் என்பதும் முக்கியம். கம்பெனியும் சங்கமும் தனியாகக் கையெழுத்திட்டால், தொழில் தகராறு சட்டத்தின் பழக்கமான பேச்சில் 18(1) ஒப்பந்தம், அது கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டும். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னால் போட்டால், அதாவது 12(3), அது அங்கே வேலை செய்யும் எல்லாரையும், பின்னால் சேரப்போகிறவர்களையும் கட்டும். சங்கத்தில் இல்லாத ஒரு குழு நாளை வேறு கோரிக்கையோடு வரும்போது இந்த வித்தியாசம் தெரியும். புதிய தொகுப்பிலும் இந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது. நேரமாகும், அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும், இருந்தாலும் சமரச அதிகாரி முன் போடுவதையே நான் சொல்வேன்.

பல சங்கங்கள் இருந்தால் யாரோடு பேசுவது என்பதற்கும் புதிய தொகுப்பு ஒரு விதி வைத்திருக்கிறது. 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால், 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த குழு. ஸ்ட்ரைக்குக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து கேஷுவல் லீவ் போட்டாலும் அது ஸ்ட்ரைக் கணக்குதான். இந்தப் பிரிவுகளைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று சில முதலாளிகள் நினைக்கிறார்கள். கேட்டில் நிற்கும் நூறு பேருக்கு நோட்டீஸ் கொடுப்பதால் மெஷின் ஓடாது. சட்டவிரோத ஸ்ட்ரைக் என்று நிரூபித்து முடிப்பதற்குள் ஷிப்மென்ட் தேதி போய்விட்டிருக்கும்.

இந்த ஒப்பந்தங்கள் தொடாத இடமும் இருக்கிறது. அவை ஷிப்ட் சம்பளத்தைப் பேசுகின்றன. பீஸ் ரேட் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் கம்பெனிக்குள் பேசப்படுவது. பெரும்பாலான தகராறு பீஸ் ரேட்டில்தான் வருகிறது. சங்க உறுப்பினர் இல்லாத வடமாநில இளைஞருக்கும் கான்ட்ராக்டரின் கீழ் இருப்பவருக்கும் அந்த 32 சதவீதம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஆள் இல்லை. ஒப்பந்தம் நல்ல தரை, ஆனால் அதற்கு மேல் கம்பெனிக்குள் கட்ட வேண்டியது நிறைய.

பையர் கொண்டுவரும் ஏற்பாடு

ஆடிட்டும் ஹெல்ப்லைனும் தகராறைத் தடுக்கும் என்று நான் நம்பவில்லை. ஆடிட்டர் வரும் நாள் முன்பே தெரியும், பதில்களும் முன்பே சொல்லிக்கொடுக்கப்படும். ஒன்றரை ஷிப்ட் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் பார்க்கும் நான்கு மணி நேரத்துக்கு இங்கே அரை ஷிப்ட் கூலி தருகிறார்கள். சட்டம் அதற்கு இரட்டிப்புக் கூலி கேட்கிறது. ஆடிட்டுக்கு ஒரு பதிவேடு, சம்பளத்துக்கு ஒரு பதிவேடு என்று வைத்துக்கொண்டால் ஆடிட் பாஸ் ஆகலாம். ஆனால் அந்த இரண்டாவது பதிவேடு இருப்பது லைனில் எல்லாருக்கும் தெரியும், நம்பிக்கை அங்கேயே உடைகிறது.

வேறு மாதிரியான ஒன்று திண்டுக்கல்லில் நடந்தது. 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆலையில் வேலை பார்த்த இளம் பெண் கொல்லப்பட்டார். அதன் பிறகு 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும், எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்புகளும் சேர்ந்து சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்கள் போட்டார்கள். லைனில் வேலை செய்கிற பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைப் பயிற்சி கொடுத்து நியமித்தார்கள். பழிவாங்கலுக்குத் தடை, வெளியாட்கள் உள்ள விசாரணை, கம்பெனி மீறினால் பிராண்ட் ஆர்டரில் கை வைக்கும் என்ற உறுதி எல்லாம் இருந்தன. சாதி அடிப்படையிலான பாகுபாடும் ஒப்பந்தத்துக்குள் வந்தது. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வேறு கமிட்டிகளில் அந்தச் சொல்லையே எழுத மாட்டார்கள்.

நடுத்தர கம்பெனி இதைத் தனியாகச் செய்ய முடியாது, பையர் கையெழுத்திட வேண்டும். ஆனால் லைனுக்கு ஒரு கண்காணிப்பாளர் என்ற பகுதியை யாரும் எடுத்துக்கொள்ளலாம். பெரிய கூட்டத்துக்குக் காத்திருக்காமல் சின்னக் குறை அன்றைக்கே மேலே போகிறது.

அப்படியென்றால் எதை எடுப்பது?

நூறு, நூற்றைம்பது மெஷின் உள்ள கம்பெனிக்கு என் பதில், பொதுச் சம்பள ஒப்பந்தத்தைத் தரையாக வைத்து, மேலே உண்மையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கமிட்டி, அதன் முதல் வேலையாகப் பீஸ் ரேட். தையல் ஆட்களை நேரடியாக எடுத்துவிட்டு, கான்ட்ராக்டை சீசன் கூடுதலுக்கு மட்டும் வைக்க வேண்டும். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. செலவு கணக்கில் ஏறும், உண்மைதான். கான்ட்ராக்டர் எடுத்துக்கொண்டிருந்த பங்கு அதில் நல்ல பகுதியை ஈடுகட்டும்.

பீஸ் ரேட்டை எப்படி முடிவு செய்வது என்பதில் கொஞ்சம் நிற்கிறேன், இங்கேதான் காரியம் இருக்கிறது. புது ஸ்டைல் வந்ததும் பையருக்குக் காட்டும் மாதிரியைத் தைக்கிற சாம்பிள் டெய்லரின் நேரத்தை வைத்து ரேட் போடக் கூடாது. அவர் கம்பெனியிலேயே கை வேகமானவர். லைனில் நடுத்தர வேகமுள்ள இரண்டு, மூன்று பேரைத் தைக்கவைத்து, கமிட்டி உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் நிற்க, நேரம் பார்க்க வேண்டும். அதிலிருந்து வரும் ரேட், எட்டு மணி நேரம் தைத்தால் ஒப்பந்த ஷிப்ட் சம்பளத்துக்குக் குறையாமல் வர வேண்டும். கட்டிங் போடும் முன்பே ரேட்டைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி லைனில் ஒட்ட வேண்டும். பையர் நடுவில் ஸ்டைலை மாற்றினால் மறுபடி நேரம் பார்க்கப்படும் என்பதும், மாற்றம் வந்த நாளிலிருந்தே புது ரேட் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். டேமேஜ் பிடித்தம் எப்போது, எவ்வளவு, துணியிலேயே இருந்த குறைக்கு யார் பொறுப்பு என்பதும் அங்கேயே. இதைச் செய்ய ஒரு ஸ்டைலுக்கு அரை நாள் ஆகலாம். ஆர்டரைப் பையரோடு பேசி முடிக்கும் மெர்ச்சண்டைசர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

போனஸும் அப்படித்தான். சட்டத்தில் குறைந்தபட்சம் 8.33, அதிகபட்சம் 20 சதவீதம். எத்தனை தருகிறோம் என்பதைத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே கமிட்டியில் சொல்லிவிடலாம். குறைவாகத் தர வேண்டிய வருடமாக இருந்தால் இன்னும் சீக்கிரமே, காரணத்தோடு.

ஐந்நூறு பேருக்கு மேல் வைத்து, பெரிய பிராண்டுக்கு நேரடியாகச் செய்யும் கம்பெனியாக இருந்தால் திண்டுக்கல் மாதிரியைப் பற்றிப் பையரிடம் தானே பேச்சை எடுக்கலாம். அசம்பாவிதம் நடந்த பிறகு கட்டாயத்தில் போடுவதைவிட அது நல்ல நிபந்தனைகளோடு வரும்.

பத்துப் பதினைந்து மெஷின் வைத்து, பெரிய கம்பெனிக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் யூனிட்டுகளுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அங்கே முதலாளியும் ஒரு மெஷினில் உட்கார்ந்து தைக்கிறார், குறை கேட்கத் தனிக் கமிட்டி தேவையில்லை (பத்துப் பேர் இருந்தால் உள் புகார்க் குழு மட்டும் வேண்டும்), கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கிறார். அவர் தரக்கூடிய கூலியோ மேலேயுள்ள கம்பெனி தைத்துக் கொடுப்பதற்குத் தரும் ஜாப் ஒர்க் ரேட்டில் அடங்கியிருக்கிறது. ரேட்டை உயர்த்தக் கேட்டு பவர்டேபிள் உரிமையாளர்களே உற்பத்தியை நிறுத்திய ஆண்டுகள் உண்டு. ஆகவே அந்த யூனிட்டுகளில் தகராறு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள், அவர்களுக்கு வேலை கொடுக்கும் கம்பெனிதான். தன் லைனில் கூலி ஏற்றும் அதே தேதியில் ஜாப் ஒர்க் ரேட்டையும் ஏற்றி, பில்லை மாதக்கணக்கில் இழுக்காமல் வாராவாரம் முடித்தால், அங்கேயும் சனிக்கிழமை சம்பளம் சனிக்கிழமையே போகும்.